முஸ்லிம் பார்வையில் டார்க் ஃபேன்டஸி எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருண்ட மாயக்கதைகள் எழுத ஆசைப்படும் முஸ்லிம் இளைஞர்கள் தங்கள் கதைகளை என்னிடம் படிக்கத் தருவதுண்டு. கதையோடு சந்தேகங்களும் சேர்ந்து வரும், பெரும்பாலும் அதே சந்தேகங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். நான் கதை எழுதுபவன், ஆலிம் (மார்க்க அறிஞர்) அல்ல. மார்க்கத் தீர்ப்பு தேவைப்படும் இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

டார்க் ஃபேன்டஸின்னா என்ன? பேய்க்கதைதானே அது?

பேய்க்கதையின் நோக்கம் பயமுறுத்துவது. பயம் தீர்ந்தால் கதையும் முடிந்துவிடும். டார்க் ஃபேன்டஸியில் ஒரு முழு உலகம் இருக்கும். அது முற்றிலும் கற்பனையான நாடாக இருக்கலாம், நமக்குத் தெரிந்த உலகத்துக்குள் மறைந்திருக்கும் இன்னொரு பக்கமாகவும் இருக்கலாம். அங்கே தீமை எப்படி வேலை செய்கிறது, மனிதர்களிடம் என்ன கேட்கிறது, கொடுத்தவர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் கதை. பயம் அதன் வழியில் தானாக வந்து சேரும்.

பாத்திரங்களுக்கு அரபுப் பெயர் வைத்துப் பாலைவனத்தில் உலவவிட்டால் அது முஸ்லிம் பார்வை ஆகிவிடாது. கதைக்குள் தீமை எந்த விதிகளின்படி இயங்குகிறது என்பதில்தான் அந்தப் பார்வை தெரியும். கீழே வரும் பதில்களில் பாதி அந்த விதிகளைப் பற்றியவை.

கற்பனைக் கதையே பொய்தானே? முஸ்லிம் அதை எழுதலாமா?

இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிலர் கற்பனைக் கதையையே விரும்புவதில்லை. பலர், இது கதைதான் என்று சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்திருக்கும்போது அதில் ஏமாற்று இல்லை என்று அனுமதிக்கிறார்கள். பாவத்துக்கு அழைக்கக் கூடாது என்பது அவர்களின் நிபந்தனை. கேள்வி பழையது. ஊர் ஊராகத் திரியும் ஓர் எத்தனின் கதைகளை அரபியில் எழுதிய அல்ஹரீரி (1054–1122) தன் நூலின் முன்னுரையிலேயே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்: விலங்குகளும் உயிரற்ற பொருட்களும் பேசுகிற கதைகளைக் கேட்க யாரும் மறுத்ததில்லை, அவற்றைச் சொன்னவர்களைப் பாவிகள் என்று ஒதுக்கியதுமில்லை என்பது அவர் வாதம்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று அபூதாவூத் தொகுப்பில் வரும் ஒரு ஹதீஸ், அதாவது நபியவர்களின் சொல், செயல் பற்றிய அறிவிப்பு. நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே துணியால் செய்த இரண்டு இறக்கைகளோடு ஒரு குதிரை இருக்கிறது. குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்கிறார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அவர் திருப்பிக் கேட்க, நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரிக்கிறார்கள். இதை வைத்துச் சட்டம் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் இறக்கை முளைத்த குதிரை அந்த வீட்டில் சிரிப்போடு வரவேற்கப்பட்டிருக்கிறது என்று நினைக்கும்போது எழுதத் துணிவு வருகிறது.

நம்ம மரபுல இப்படி ஏதாவது இருக்கா, இல்ல இதெல்லாம் மேற்கத்திய சரக்கா?

நிறைய இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அல்கஸ்வீனி, படைப்பின் விந்தைகளைப் பற்றிய தன் பெருநூலில் வானவர்கள், ஜின்கள், விசித்திர உயிர்கள் எல்லாவற்றையும் வகைப்படுத்தி எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் பத்ருத்தீன் ஷிப்லி என்ற அறிஞர் ஜின்களைப் பற்றிய சட்டங்களுக்கென்றே ஒரு நூல் செய்தார். மனிதரும் ஜின்னும் மணம் செய்துகொள்ளலாமா, ஜின்னைப் பின்பற்றித் தொழலாமா என்பதெல்லாம் அதில் அலசப்படுகிறது. கற்பனை உலகத்துக்குச் சமூக விதிகள் வகுக்க நினைப்பவருக்கு இது அருமையான பயிற்சி.

தமிழிலும் கிஸ்ஸா (கதை), மசலா (வினா-விடை), படைப்போர் (போர்ப்பாடல்) என்று முஸ்லிம் புலவர்கள் கொண்டுவந்த வகைகள் இருக்கின்றன. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் பாடிய ஆயிர மசலா கேள்வியும் பதிலுமாகவே நடக்கிறது.

ஜின்னை வில்லனா வைக்கலாமா? எல்லா ஜின்னும் கெட்டதுதானே?

வைக்கலாம். எல்லா ஜின்களையும் ஒரே அச்சில் வார்க்காமல் இருந்தால் சரி. குர்ஆனின் 72ஆம் அத்தியாயத்தில் ஜின்களே பேசுகிறார்கள்: எங்களில் நல்லவர்களும் உண்டு, அப்படி இல்லாதவர்களும் உண்டு, பல வழிகளாகப் பிரிந்திருந்தோம் என்று (72:11). நெருப்பின் கொழுந்திலிருந்து படைக்கப்பட்டவர்கள் (55:15). ஷைத்தானும் அவன் கூட்டமும் நாம் பார்க்க முடியாத இடத்திலிருந்து நம்மைப் பார்க்கிறார்கள் (7:27). ஜின்களுக்கும் விருப்பம் உண்டு, மரணம் உண்டு, கேள்விக்கணக்கு உண்டு. எனவே ஒரு ஜின் பாத்திரத்துக்குக் குடும்பம், கொள்கை, குற்ற உணர்ச்சி, பழிவெறி எல்லாம் கொடுக்கலாம்.

அவர்களுக்கு எது தெரியாது என்பது இன்னும் முக்கியம். சுலைமான் (அலை) அவர்கள் கைத்தடியை ஊன்றிய நிலையிலேயே மரணமடைகிறார்கள். அவர்களுக்கு அஞ்சி உழைத்துக்கொண்டிருந்த ஜின்களுக்கு அது தெரியவில்லை. பூச்சி தடியை அரித்து உடல் சாய்ந்த பிறகே தெரிகிறது (34:14). மறைவானதை அறிந்திருந்தால் அந்தக் கடின உழைப்பில் கிடந்திருக்க மாட்டார்கள் என்று அந்த வசனமே சொல்கிறது. எல்லாம் தெரிந்த பேயை வைத்து அதிகம் செய்ய முடியாது. பாதி தெரிந்துகொண்டு மீதியை ஊகித்து, தெரிந்ததுபோலப் பொய் சொல்லும் ஜின் ஒரு நாவலையே தாங்கும்.

மந்திரம், சூனியம் எல்லாம் ஹராம். அப்போ மேஜிக் இல்லாம எப்படி ஃபேன்டஸி எழுதறது?

சூனியம் இருக்கிறது என்று காட்டுவதில் தவறில்லை. அதன் விலையை மறைப்பதுதான் தவறு. குர்ஆனின் 2:102 வசனத்தைப் பொறுமையாகப் படியுங்கள். பாபிலில் ஹாரூத், மாரூத் என்ற இரு வானவர்கள் எதையும் கற்றுக்கொடுக்கும் முன் எச்சரிக்கிறார்கள்: நாங்கள் ஒரு சோதனை, நிராகரிப்பாளனாகிவிடாதே. அதைக் கேட்டும் மக்கள் கற்றுக்கொள்கிறார்கள். கற்பது எதை? கணவனையும் மனைவியையும் பிரிப்பதை. மலையைப் புரட்டும் வித்தை அங்கே கேட்கப்படவில்லை, ஒரு குடும்பத்தை உடைக்கும் வித்தை கேட்கப்படுகிறது. அதுவும் அல்லாஹ்வின் அனுமதி இல்லாமல் யாருக்கும் தீங்கு செய்யாது. எச்சரிக்கை, சம்மதம், விலை, வரம்பு என்று கதைக்குள் சூனியம் இயங்கத் தேவையான எல்லா விதிகளும் அந்த ஒரு வசனத்தில் கிடைக்கின்றன.

வியப்பூட்டும் எல்லாமே சூனியமும் இல்லை. ஸபா நாட்டு அரசியின் சிம்மாசனத்தை, நீங்கள் இருக்கையிலிருந்து எழுவதற்குள் கொண்டுவருகிறேன் என்று சுலைமான் நபியிடம் ஜின்களில் ஓர் இஃப்ரீத் சொல்கிறது. வேத அறிவு பெற்ற ஒருவர், கண் இமைப்பதற்குள் கொண்டுவருகிறேன் என்கிறார், சிம்மாசனம் வந்துவிடுகிறது (27:39–40). இறைநேசர்களுக்கு வழங்கப்படும் கராமத்தும் உண்டு. அது வேண்டும்போதெல்லாம் வராது, சொந்தம் கொண்டாட முடியாது. அப்படிப்பட்ட ஆற்றலை நம்பி ஒரு பாத்திரம் ஆபத்துக்குள் நடப்பதில் இருக்கும் பதற்றம், நிரந்தரமாகக் கையிலிருக்கும் மந்திரக்கோலில் கிடையாது. ஒன்று மட்டும் கவனம்: நிஜமான சடங்கு முறைகளைத் தேடிப் படித்து அப்படியே கதையில் இறக்காதீர்கள். வாசகருக்கு விளைவு போதும்.

ஷைத்தானை அல்லாஹ்வுக்கு எதிரா சமபலத்தோட நிக்கிற மாதிரி காட்டலாமா? ஃபேன்டஸின்னாலே அதுதானே?

முடியாது. ஒளியும் இருளும் சரிசமமாக மோதிக்கொள்ளும் ஏற்பாடு தவ்ஹீதுக்குள், அதாவது இறைவன் ஒருவனே என்ற நம்பிக்கைக்குள், அடங்காது. ஷைத்தானான இப்லீஸ் அவகாசம் கேட்டு வாங்கியவன் (7:14–15). கிடைத்த அவகாசத்துக்குள், விடப்பட்ட எல்லைக்குள் வேலை செய்கிறான். சமபலமுள்ள இருட்டரசன் ஒருவனைக் கதையில் நிறுத்திவிட்டால், சுற்றிலும் எத்தனை பள்ளிவாசல்களை வைத்தாலும் அது வேறொரு நம்பிக்கையின் கதையாகிவிடும்.

அப்படியானால் அவன் பலம் எதில் இருக்கிறது? மறுமையில் தீர்ப்பு முடிந்த பிறகு ஷைத்தான் தன்னைப் பின்பற்றியவர்களிடம் பேசுவதை 14:22 சொல்கிறது. உங்கள்மீது எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, அழைத்தேன், நீங்கள் வந்தீர்கள், என்னைப் பழிக்காதீர்கள், உங்களையே பழித்துக்கொள்ளுங்கள் என்பான். ஒரு தீயவனின் வாயிலிருந்து வரும் இதைவிடக் கொடுமையான பேச்சை நான் படித்ததில்லை. ஆர்ப்பாட்டம் கிடையாது. நடந்ததெல்லாம் உங்கள் சம்மதத்தோடு நடந்தது என்று நிதானமாகச் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறான். முஸ்லிம் எழுத்தாளரின் டார்க் ஃபேன்டஸிக்கு மையம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு மனிதர் மனதார 'சரி' என்று சொல்லும் அந்தக் கணத்தைத்தான் நாம் எழுதுகிறோம்.

கடைசியில அல்லாஹ் நாடினதுதான் நடக்கும்னு தெரிஞ்சப்புறம் சஸ்பென்ஸ் எங்கேர்ந்து வரும்?

அல்லாஹ்வுக்குப் போட்டியாளரே இல்லை, அதனால் அந்த இடத்தில் சஸ்பென்ஸ் தேட வேண்டாம். உங்கள் நாயகி என்ன ஆவாள் என்பது யாருக்கும் தெரியாது. அதை எழுதுங்கள்.

காணாமல் போன மகனின் குரலில் ஒரு கிணறு ஒரு தாயிடம் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் இரவு விளக்கை அணைக்காமல் வைக்கச் சொல்கிறது. அடுத்த இரவு அவன் சட்டையை உள்ளே போடச் சொல்கிறது. தொழாதே என்று அது ஒருபோதும் சொல்வதில்லை. 'இன்னைக்கு மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடும்மா, நீ எழுந்து போனா எனக்குப் பயமா இருக்கு' என்கிறது. ஒவ்வொரு கோரிக்கையும் சின்னது, ஒவ்வொன்றும் தாய்ப்பாசத்தைத் தொட்டு வருகிறது. எங்கே அவள் நிறுத்துவாள்? கணக்குக் கேட்கப்படும் நாள் ஒன்று உண்டு என்பது அவளுக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும். முடிவு தெரிந்திருப்பது இங்கே பயத்தைக் கூட்டத்தான் செய்கிறது.

செத்தவங்க ஆவியா திரும்பி வர்ற மாதிரி எழுதலாமா?

இறந்தவர்களுக்கும் இந்த உலகத்துக்கும் நடுவே பர்ஸக் என்ற திரை இருக்கிறது (23:100). ஆன்மா அலைந்து திரிந்து பழிவாங்குவது நம் நம்பிக்கையோடு ஒட்டாது. இதை இழப்பாக நினைக்காதீர்கள். வாசலில் நிற்பது இறந்துபோன அத்தா (அப்பா) இல்லை என்று நாயகனுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அத்தாவுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களை அது பேசுகிறது. ஆவி என்று நம்பிப் பயப்படுவதைவிட இந்த நிலை எவ்வளவோ மோசமானது.

ஒவ்வொரு மனிதரோடும் ஜின்களில் ஒரு கூட்டாளி, கரீன், சாட்டப்பட்டிருப்பதாக முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஒருவர் இறந்தபின் அந்தக் கரீன் அவர் உருவத்தில் நடமாடும் என்பது மக்களிடையே உலவும் பேச்சு. கதைக்கு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கதையில் வரும் ஆலிமின் வாயில் அதை ஹதீஸாக வைத்துவிடாதீர்கள்.

மலக்குகளையும் நபிமார்களையும் பாத்திரமா கொண்டு வரலாமா?

நபிமார்கள் வேண்டாம். அவர்கள் சொல்லாத சொல்லை அவர்கள் வாயில் வைப்பது நம் கற்பனைக்கு விடப்பட்ட இடத்துக்கு வெளியே இருக்கிறது.

மலக்குகள் (வானவர்கள்) இட்ட கட்டளைக்கு மாறு செய்யாதவர்கள் (66:6). அதனால் கலகம் செய்து வீழ்ந்த வானவர் என்ற, உலகெங்கும் பிரபலமான பாத்திரம் இங்கே பொருந்தாது. இப்லீஸ் ஜின் இனத்தைச் சேர்ந்தவன் என்று 18:50 சொல்கிறது. மலக்கை மேடையேற்றுவதைவிட, வலமும் இடமும் அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் பதிவுசெய்பவர்கள் இருக்கிறார்கள் (50:17–18) என்ற உணர்வைப் பாத்திரத்துக்குக் கொடுங்கள். பூட்டிய அறையில் தனியாக இல்லை என்று தெரிந்தே ஒருவன் ஒரு குற்றத்தைச் செய்கிறான் என்றால், காட்சி எவ்வளவு கனமாகிவிடுகிறது பாருங்கள்.

நான் உருவாக்கற உலகத்துல இஸ்லாம் இருந்தே ஆகணுமா? பல கடவுள்கள் இருக்கற நாடு வரலாமா?

பெயர் சொல்லி இருக்க வேண்டியதில்லை. நிலாவை மாற்றலாம், வரலாற்றை மாற்றலாம். படைத்தவன் ஒருவன், செயலுக்குக் கணக்கு உண்டு என்ற இரண்டும் அடியில் அசையாமல் இருந்தால் அந்த உலகம் நம்முடையதாகவே இருக்கும் என்பது என் கருத்து.

பல கடவுள்கள் பற்றி: பாத்திரங்கள் எதை நம்புகிறார்கள் என்பது ஒன்று, கதை எதை உண்மை என்று நிறுவுகிறது என்பது இன்னொன்று. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடியும் தேவைப்படும். உங்கள் கற்பனை நகரத்தில் ஏழு சிலைகள் இருக்கலாம், அவை பதில்கூடச் சொல்லலாம். பதில் சொல்வது உண்மையில் யார் என்பதைக் கதை மெல்ல அவிழ்க்கட்டும். மனிதர்களில் சிலர் ஜின்களில் சிலரிடம் பாதுகாப்புத் தேடினார்கள், அது அவர்களின் கேட்டைத்தான் அதிகமாக்கியது என்று 72:6 சொல்வதே ஒரு நாவலுக்குப் போதும். ஆனால் நிஜ உலகில் பிறர் வணங்குபவற்றை எடுத்து அரக்கர்களாக ஆக்காதீர்கள். பிறர் அழைத்து வணங்குபவற்றை ஏசுவதை 6:108 தடுக்கிறது, எழுத்து நாகரிகமும் தடுக்கிறது.

ஆயத்துல் குர்ஸி ஓதினதும் ஜின் ஓடிடுச்சுன்னு கதையை முடிக்கலாமா?

நம்பிக்கையில் பிழை இல்லை, கதையில் பிழை. நாயகன் எதையும் இழக்காமல், எதையும் தேர்ந்தெடுக்காமல் தப்பிவிடுகிறான். புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் இதே குர்ஆன் வசனத்தைப் பற்றி வரும் சம்பவம் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். ரமலான் ஜகாத் உணவுப் பொருட்களுக்கு அபூஹுரைரா (ரலி) காவல். இரவில் ஒருவன் வந்து அள்ளுகிறான். பிடித்ததும், ஏழை, பிள்ளைகுட்டிக்காரன் என்று கெஞ்ச, இரக்கப்பட்டு விட்டுவிடுகிறார். மறு இரவும் அப்படியே. மூன்றாம் இரவு விடுவதில்லை என்று உறுதியாக நின்றதும், தன்னை விட்டால் பயனுள்ள சொற்களைக் கற்றுத்தருவதாகச் சொல்லி ஆயத்துல் குர்ஸியைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறான். அவன் பெரும் பொய்யன், ஆனாலும் உம்மிடம் உண்மை சொன்னான், அவன் ஷைத்தான் என்று நபி (ஸல்) அவர்கள் பிறகு சொல்கிறார்கள். தன்னை விரட்டும் வசனத்தைத் திருடனே கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறான்!

அப்புறம் ஒரு கண்டிப்பு. ஆயத்தையோ (குர்ஆன் வசனத்தையோ) ஹதீஸையோ ஒருபோதும் இட்டுக்கட்டாதீர்கள். தன் பெயரில் வேண்டுமென்றே பொய் சொல்பவர் நரகத்தில் தன் இடத்தைத் தேடிக்கொள்ளட்டும் என்பது நபிமொழி. பழைய ஏட்டின் வரி, கிழவியின் சொலவடை, மறைந்துபோன அரசனின் சாபம் எல்லாம் உங்கள் விருப்பம்.

நம்ம வார்த்தைகள் நிறைய வந்தா மத்தவங்களுக்குப் புரியுமா?

சூழல் சரியாக இருந்தால் புரியும். புத்தகத்தின் பின்னால் சொற்பட்டியல் வைப்பதை நான் விரும்புவதில்லை. பயம் ஏறும் கட்டத்தில் வாசகர் பக்கம் புரட்டக் கூடாது. 'ஒளு செய்யக் குழாயைத் திறந்தாள். கை, வாய், மூக்கு. முகத்தைக் கழுவிய பிறகுதான் தண்ணீர் கறுப்பாக வந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள்.' இதற்கு அடிக்குறிப்பு எதற்கு?

ரத்தம், ஆபாசம் எவ்வளவு தூரம் போகலாம்?

யூசுஃப் அத்தியாயத்தில் அந்தப் பெண் கதவுகளைத் தாழிட்டு 'வா' என்கிறாள் (12:23). ஆசை, ஆபத்து, அறையின் அமைதி எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதைத் தாண்டி எதையும் வர்ணிக்காமலே கதை தன் உச்சத்துக்குப் போகிறது. கொலைக்கும் முன்மாதிரி உண்டு. சகோதரனைக் கொன்றவனுக்கு உடலை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு காகம் மண்ணைக் கிளறிக் காட்டுகிறது. இந்தக் காகத்தைப் போலக்கூட இருக்க எனக்கு இயலவில்லையே என்று அவன் புலம்புகிறான் (5:31). எத்தனை குடம் ரத்தத்தை ஊற்றினாலும் இந்தக் காட்சியின் கொடூரம் வராது.

என் ஹீரோ தொழமாட்டான், குடிப்பான், கொலைகூடப் பண்ணியிருக்கான். பரவாயில்லையா?

பாவம் இல்லாத மனிதரை வைத்து இந்த வகைக் கதையை எழுதவே முடியாது. தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்ற ஒருவன் தவ்பாவுக்கு (பாவமன்னிப்புக்கு) வழி தேடிப் போகும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. வழி இல்லை என்று சொன்ன துறவியையும் கொன்று நூறாக்குகிறான். பிறகு ஓர் அறிஞர் வழி உண்டு என்கிறார், ஊரை விட்டு நல்லவர்கள் வாழும் இன்னோர் ஊருக்குப் போகச் சொல்கிறார். பாதி வழியில் மரணம். அருளின் மலக்குகளும் தண்டனையின் மலக்குகளும் அவன் உயிருக்காக வாதாடுகிறார்கள். எந்த ஊருக்கு அருகில் கிடக்கிறான் என்று தூரம் அளக்கப்படுகிறது. ஒரு சாண் வித்தியாசத்தில் நல்லவர்களின் ஊர்ப் பக்கம் இருக்கிறான். இருண்ட நாயகனுக்கு இதைவிடப் பெரிய முன்மாதிரி வேண்டுமா?

பாவத்தைக் காட்டலாம். பாவத்தின் சுவையை மட்டும் எழுதிவிட்டு அதன் பாரத்தை விட்டுவிட்டால்தான் பொய்யாகிறது.

'ஜின் பிடிச்ச பொண்ணு' கதை எழுதறேன். இதுல ஏதாவது யோசிக்கணுமா?

ரொம்பவே யோசிக்க வேண்டும். வலிப்பு, மனச்சிதைவு, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஆகியவற்றுக்கு ஜின் என்று பெயர் சூட்டி, மருத்துவம் மறுக்கப்பட்டு, அடிக்கப்பட்டு, கட்டிப்போடப்பட்டவர்கள் நிஜத்தில் இருக்கிறார்கள். நீங்கள் எழுதும் காட்சி அவர்கள் வீட்டிலும் படிக்கப்படும். வலிப்பு வந்த ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆ (பிரார்த்தனை) கேட்கிறார். பொறுமையாக இருந்தால் சொர்க்கம், விரும்பினால் குணமாகத் துஆ செய்கிறேன் என்று தேர்வை அவரிடமே விடுகிறார்கள். பொறுமையைத் தேர்ந்த அவர், வலிப்பின்போது ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆ கேட்கிறார் (புகாரி, முஸ்லிம்). அவர் மானமும் விருப்பமும் எப்படி மதிக்கப்பட்டிருக்கின்றன!

கதைக்குள் ஜின் உண்மையிலேயே இருக்கலாம். அப்படியானால் அந்தப் பெண்ணையே பார்வையின் மையத்தில் வையுங்கள். ஓதிப் பார்க்க வந்தவர் அடிக்கும் காட்சி தேவையென்றால், அந்த அடியை வீரமாக எழுதாதீர்கள். சில கதைகளில் ஜின்னைவிட அவர்தான் பயங்கரமானவர்.

முடிவு இருட்டா இருக்கலாமா? நம்பிக்கை இழக்கறது பாவமாச்சே?

அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழப்பது பாவம் (39:53). எல்லாரும் உயிரோடு தப்ப வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. அகழிக்காரர்களின் சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 85ஆம் அத்தியாயம் அதைச் சுருக்கமாகத் தொடுகிறது, முஸ்லிமில் வரும் நீண்ட ஹதீஸ் முழுதாகச் சொல்கிறது. ஓர் அரசன், அவனுடைய வயதான சூனியக்காரன், சூனியம் கற்க அனுப்பப்படும் சிறுவன், வழியில் ஒரு துறவி. சிறுவன் துறவியின் பக்கம் சாய்கிறான். அவனை மலையிலிருந்து தள்ளவும் கடலில் மூழ்கடிக்கவும் அனுப்புகிறார்கள், திரும்பித் திரும்பி வருகிறான். கடைசியில் தன்னைக் கொல்லும் வழியை அவனே அரசனுக்குச் சொல்லித்தருகிறான்: மக்களைக் கூட்டு, என் அம்பறாத்தூணியிலிருந்து ஓர் அம்பை எடு, 'இந்தச் சிறுவனின் இறைவனின் பெயரால்' என்று சொல்லி எய். சிறுவன் இறக்கிறான். பார்த்துக்கொண்டிருந்த மக்கள் அவன் இறைவனை நம்பிவிடுகிறார்கள். அரசன் அகழி வெட்டித் தீ மூட்டுகிறான். கைக்குழந்தையோடு ஒரு தாய் தயங்குகிறாள், குழந்தை பேசுகிறது: பொறுமையாக இருங்கள், நீங்கள் சத்தியத்தில் இருக்கிறீர்கள்.

யாரும் காப்பாற்றப்படவில்லை. அதற்குப் பின் வரும் வசனம் நம்பிக்கை கொண்டு நற்செயல் செய்தவர்களின் நிலையை மகத்தான வெற்றி என்கிறது (85:11). இவ்வளவு இருட்டான முடிவை நம் மரபே தாங்குகிறது. அர்த்தமே இல்லை, எதற்கும் கணக்கே இல்லை என்று முடிப்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

தஜ்ஜால், யஃஜூஜ் மஃஜூஜ் இதையெல்லாம் கதைல வைக்கலாமா?

உலக முடிவுக்கு முன் வெளிப்படுவார்கள் என்று நாம் நம்பும் இவர்கள் நம்பிக்கை சார்ந்த விஷயம். தேதி குறிப்பது, நிகழ்கால மனிதர் ஒருவரை இவர்தான் என்று சுட்டுவது, ஹதீஸில் வராத அடையாளங்களைச் சேர்ப்பது வேண்டாம். வாசகர்களில் சிலர் கதையில் படித்ததை மார்க்கமாக நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

ஆனால் அந்த அறிவிப்புகளிடமிருந்து அச்சத்தை எப்படிக் கட்டுவது என்று கற்கலாம். தஜ்ஜாலைப் பற்றித் தமீமுத் தாரீ (ரலி) என்ற நபித்தோழர் சொன்ன சம்பவம் முஸ்லிமில் இருக்கிறது. கப்பல் அலைக்கழிந்து ஒரு தீவில் ஒதுங்குகிறது. முன் எது பின் எது என்று தெரியாத அளவுக்கு ரோமம் மூடிய ஒரு பிராணி பேசுகிறது, மடாலயத்துக்குள் போகச் சொல்கிறது. உள்ளே சங்கிலியில் பிணைக்கப்பட்ட பேருருவம். அது உறுமவில்லை, மிரட்டவில்லை. பைஸானின் பேரீச்ச மரங்கள் காய்க்கின்றனவா, தபரிய்யா ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரிக்கிறது. சாதாரணக் கேள்விகள். பதில்களை வைத்து அது எதற்கோ நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது என்று புரியும்போது முதுகு சில்லிடுகிறது. இந்த முறையை எடுத்துக்கொண்டு உங்கள் சொந்தக் கைதியை, உங்கள் சொந்தத் தீவை உருவாக்குங்கள்.

கதை சொல்றதே ஒரு கெட்ட ஜின். அது அல்லாஹ்வை மறுத்துப் பேசுது. நான் அதை எழுதினா எனக்குப் பாவமா?

'நானே உங்கள் மிக உயர்ந்த இறைவன்' என்று எகிப்திய மன்னன் ஃபிர்அவ்ன் சொன்னதைக் குர்ஆன் எடுத்துச் சொல்கிறது (79:24). மறுப்பை எடுத்துச் சொல்பவர் அதனால் மறுப்பாளர் ஆவதில்லை என்பது அறிஞர்களிடையே அறியப்பட்ட விதி. பாத்திரம் நம்புவதும் கதை நிறுவுவதும் வேறு என்று மேலே சொன்னது இங்கே முழுக்கப் பொருந்தும். கதைசொல்லி பொய்யன் என்பதற்கான தடயங்களைக் கதைக்குள்ளேயே வையுங்கள்: சொன்னது நடக்காமல் போகட்டும், எண்ணிக்கை இடறட்டும், தனக்குத் தெரியாததை அது தவிர்த்துவிட்டுப் போகட்டும். கேலிக்காக மட்டும் எழுதப்பட்ட இறைநிந்தை வரியாக இருந்தால் வெட்டிவிடுங்கள். அது இல்லாமலும் கதை நிற்கும்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கே பயமா இருக்கு, கெட்ட எண்ணமா வருது. நிறுத்திடணுமா?

வாய்விட்டுச் சொல்லவே முடியாத எண்ணங்கள் மனதில் வருகின்றன என்று தோழர்களே நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டிருக்கிறார்கள். அதை வெறுக்கிறீர்களே, அதுவே தெளிவான ஈமான் (இறைநம்பிக்கை) என்ற பொருளில் பதில் கிடைத்தது (முஸ்லிம்). எண்ணம் வருவதாலேயே உங்கள்மீது குற்றம் இல்லை.

நடைமுறையில், இரவில் தனியாக எழுதுவதைப் பகலுக்கு மாற்றுங்கள். தொழுகை நேரம் வந்தால் காட்சி பாதியில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள். தூக்கமோ வேலையோ கெடும் அளவுக்குப் போனால் கதையை ஓரமாக வையுங்கள், நெருங்கியவரிடம் பேசுங்கள், தேவையென்றால் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு ஆலிம்கிட்ட காட்டினேன், 'இதெல்லாம் வேண்டாம்'னுட்டாரு. இப்ப என்ன பண்றது?

எது வேண்டாம் என்று கேளுங்கள். குறிப்பிட்ட ஒரு காட்சியா, ஒரு வரியா, கற்பனைக் கதையே கூடாது என்கிறாரா? முதல் இரண்டும் என்றால் அவர் உங்களுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார், திருத்திவிடுங்கள். மூன்றாவது என்றால், இரண்டாம் கேள்வியில் சொன்ன கருத்து வேறுபாடு அது. நீங்கள் நம்பும் இன்னொருவரிடமும் கேட்கலாம். கேட்கும்போது வெறும் 'ஜின் கதை' என்று சொல்லாமல், தீமைக்கு என்ன வரம்பு வைத்திருக்கிறீர்கள், கதை எதை உண்மையாக நிறுவுகிறது என்று விளக்குங்கள். கையெழுத்துப் பிரதியைப் படிக்க நேரமில்லாதவரிடம் சிக்கலான இரண்டு பக்கங்களை மட்டும் கொடுங்கள்.

அதற்குப் பிறகும் ஏதோ ஒரு காட்சி உங்கள் மனதை உறுத்திக்கொண்டே இருந்தால், பத்துப் பேர் அனுமதித்திருந்தாலும் அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் கதை நிற்கவில்லை என்றால் அந்தக் கதையை மூடிவைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.